புதுக் கணக்கு முறை பலன் தருகிறதா? வாசகர் கேள்வி பதில்

தொடக்க வகுப்புகளில் புது முறையில் கணக்கு நடத்தி, அது உதவுகிறதா என்று சோதிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது ஒரே முறையைப் பற்றி: முதலில் கையில் பொருள், அப்புறம் படம், கடைசியில் எண். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் எழுதியவற்றிலிருந்து கிளைத்து, 1980களில் சிங்கப்பூர் பாடநூல்கள் வழியாகப் பரவிய முறை இது. அதனால் உதாரணங்களை இதிலிருந்தே, அதிலும் கடன் வாங்கிக் கழித்தலிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பருவத் தொடக்கத்தில் என் வகுப்பின் சராசரி 20க்கு 8. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு வைத்து நடத்தினேன். நான்கு மாதம் கழித்து 14. முறை வெற்றி என்று எழுதி அனுப்பலாமா? (மூன்றாம் வகுப்பு ஆசிரியை)

அனுப்ப வேண்டாம். ஏறிய 6 மதிப்பெண்ணில் முறையின் பங்கு எவ்வளவு, நான்கு மாதம் பள்ளிக்கு வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்களிடம் வழி இல்லை. எட்டு வயதுப் பிள்ளை எந்த முறையில் படித்தாலும் நான்கு மாதத்தில் கொஞ்சம் முன்னேறும். பழைய முறையிலேயே நடத்தியிருந்தால் 11 வந்திருக்குமா, 15 வந்திருக்குமா? அந்த எண் தெரியாதவரை 14ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் அதே வினாத்தாளைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். கணக்கு நினைவில் நிற்காவிட்டாலும் விடை சிலருக்கு நினைவில் நின்றுவிடும்.

பின்தங்கியவர்களை மட்டும் தனியாக உட்காரவைத்துச் சோதிப்பவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஒரு தேர்வில் கடைசியாக வந்த பத்துப் பேரில் உண்மையிலேயே கணக்கு வராதவர்களும் இருப்பார்கள். அன்று காய்ச்சலோடு எழுதியவர், இரண்டாம் பக்கத்தைத் திருப்ப மறந்தவர் போன்றவர்களும் இருப்பார்கள். இரண்டாம் வகையினர் அடுத்த தேர்வில் தாமாகவே மேலே வருவார்கள். யாரும் ஒன்றும் செய்யாமலே அந்தப் பத்துப் பேரின் சராசரி ஏறும். பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு 1886இல் பிரான்சிஸ் கால்டன் விளக்கியது இதே இயல்பைத்தான். சந்தேகம் இருந்தால் முதல் பத்து இடம் பெற்றவர்களை அதே இரு தேர்வுகளில் பாருங்கள். அவர்கள் சராசரி பெரும்பாலும் சற்று இறங்கியிருக்கும்.

ஒப்பீடு சரியில்லாத சோதனை எத்தனை ஆண்டு கழிந்தாலும் முடிவுக்கு வராது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த லூயி பெனேசெட், 1929 முதல் சில கீழ்வகுப்புகளில் முறையான கணக்குப் பாடத்தையே நிறுத்திவைத்தார். அதற்குப் பதில் பேச்சும் உத்தேசமாக அளவிடுவதும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் பிறகு விரைவாக எட்டிப்பிடித்துவிட்டார்கள் என்று 1930களின் நடுவில் எழுதினார். ஆனால் வகுப்புகளை அவரே தேர்ந்தெடுத்தார். ஒத்துழைக்க முன்வந்த ஆசிரியர்களிடம் கொடுத்தார். முறை உதவியதா, அந்த ஆசிரியர்கள் உதவினார்களா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

கேள்வி: எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இரண்டே பிரிவு. ஒன்றில் புது முறை, மற்றதில் பழைய முறை என்று வைத்தால் போதாதா? (தலைமையாசிரியர்)

அப்படி வைத்தால் நீங்கள் இரண்டு ஆசிரியர்களைத்தான் ஒப்பிடுகிறீர்கள். 'அ' பிரிவு முந்தினால் அது குச்சியாலா, அந்த ஆசிரியையின் கைராசியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஆசிரியரை இரு பிரிவுக்கும் அனுப்பினாலும் சிக்கல் தீராது. காலையில் 'அ' பிரிவில் குச்சியை வைத்து விளக்கியவர் மதியம் 'ஆ' பிரிவில் அதே விளக்கத்தை வாயால் சொல்லிவிடுவார். அதை அவராலேயே தடுக்க முடியாது.

சின்னப் பள்ளிக்கு ஏற்ற வழி, முறையை மாற்றிப் போடுவது. முதல் ஆறு வாரம் கழித்தல்: 'அ'வில் புது முறை, 'ஆ'வில் வழக்கமான முறை. அடுத்த ஆறு வாரம் பெருக்கல்: 'ஆ'வில் புது முறை, 'அ'வில் வழக்கமானது. கழித்தலில் 'அ'வும் பெருக்கலில் 'ஆ'வும் முந்தினால் முறையில் ஏதோ இருக்கிறது. இரண்டிலும் 'அ'வே முந்தினால் அது ஆசிரியரின் வெற்றி. இரண்டாவது பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். முதல் பாடத்தை அதிகம் சார்ந்ததாக அது இருக்கக் கூடாது. கழித்தலுக்கு அடுத்து நீள் வகுத்தலை வைத்தால், ஒவ்வொரு வகுத்தலுக்குள்ளும் ஒரு கழித்தல் ஒளிந்திருப்பதால் முதல் சோதனையின் விளைவு இரண்டாவதில் கலந்துவிடும்.

எந்தப் பிரிவு முதலில் புது முறையை எடுப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். 'ஆர்வம் உள்ளவர் முதலில் செய்யட்டும்' என்பது நல்ல மனசுதான், ஆனால் ஆர்வமும் ஒரு முறைதான். அதற்கும் மதிப்பெண் ஏறும். குலுக்கிப் பிரிக்கும் வழக்கத்தை முறைப்படுத்தியவர் ரொனால்ட் ஃபிஷர். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில், மண் வளம் பாத்திக்குப் பாத்தி மாறும்போது எந்த உரம் நல்லது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகள் மாறும்போதும் அதே கணிதம் பொருந்துகிறது. உங்கள் பிரிவுகள் மதிப்பெண் வரிசைப்படி பிரிக்கப்பட்டவை என்றால் மட்டும் இந்தச் சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.

நேரக் கணக்குதான் அதிகம் கோட்டைவிடும் இடம். 40 நிமிடப் பாடவேளை, வாரம் ஐந்து, ஆறு வாரம்: 1200 நிமிடம். குச்சிகளைக் கொடுத்துத் திரும்ப வாங்க ஒரு பாடவேளைக்கு 7 நிமிடம் என்றால் மொத்தம் 210 நிமிடம் போகும். அதாவது ஐந்து பாடவேளைக்கு மேல். 'பாடம் முடியவில்லை' என்று புது முறைப் பிரிவுக்கு உடற்கல்வி நேரத்தைக் கொடுத்துவிடுவார்கள். பிறகு வரும் வித்தியாசம் கூடுதல் நேரத்தால் வந்தது. குச்சி கொடுக்கும் நேரமும் அந்த 1200க்குள்தான். வீட்டுப்பாடக் கணக்குகளின் எண்ணிக்கையும் இரு பிரிவுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

பழைய முறை ஆசிரியரையும் கவனியுங்கள். 'உங்கள் பிரிவு தோற்கப்போகிறது' என்ற தொனி காதில் விழுந்தால் மாலையில் தனி வகுப்பு எடுக்கத் தொடங்கிவிடுவார். அன்றன்று என்ன நடத்தினார், எத்தனை நிமிடம் என்று தினமும் ஒரே வரி எழுதிவைக்கச் சொன்னால் போதும். புது முறை ஆசிரியரும் அதே வரியை எழுத வேண்டும்.

கேள்வி: பொருள்–படம்–எண் முறைக்கு எவ்வளவு சாமான் வேண்டும்? எந்த வாரம் எதை நடத்துவது? (இரண்டாம் வகுப்பு ஆசிரியர்)

இரண்டு இலக்கக் கழித்தலுக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு செட். பத்துக் குச்சி கொண்ட 9 கட்டு, 9 உதிரிக் குச்சி; ஆக 99 குச்சி, 9 ரப்பர் பேண்ட். 30 பேர் வகுப்புக்கு 15 செட் என்றால் 1485 குச்சி, 135 ரப்பர் பேண்ட். குச்சி தொலையும், ரப்பர் அறுந்துபோகும். 1550 குச்சியும் 200 ரப்பரும் வைத்துக்கொண்டால் ஆறு வாரம் தாங்கும். பத்தைக் குறிக்கும், பிரிக்க முடியாத பிளாஸ்டிக் கோல்களை வாங்கினால் கணக்கு வேறு: 9 கோல், 18 ஒற்றைக் கட்டை. கடன் வாங்க நேர்வது ஒன்றாம் இடத்தில் 8 வரை இருக்கும்போதுதான், அதோடு பத்துச் சேர்ந்தால் 18. அதற்கு மேல் தேவைப்படாது.

தொடக்கத்துக்குக் குச்சிக்கட்டே நல்லது. கட்டைப் பிரித்தால் அதே பத்துக் குச்சி கண்ணெதிரே உதிர்கிறது. பிளாஸ்டிக் கோலைக் கொடுத்துவிட்டுப் பத்து ஒற்றைக் கட்டை வாங்குவது ஒரு பண்டமாற்று. இரண்டும் சமம் என்பதைப் பிள்ளை நம்பத்தான் வேண்டும், பார்க்க முடியாது. மூன்று இலக்கத்துக்குப் போகும்போது குச்சி கட்டுப்படியாகாது, அப்போது கட்டைகளுக்கு மாறலாம். வண்ணக் கோல்களை வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு: பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குவீஸனேர் உருவாக்கியவை, வெள்ளை 1 செ.மீ. தொடங்கி ஆரஞ்சு 10 செ.மீ. வரை. பத்துக்குள் கூட்டிப் பிரிக்க அவை அருமை. அவற்றில் பத்தைப் பிரிக்க முடியாது என்பதால் கடன் வாங்கலுக்கு எடுக்காதீர்கள்.

முதல் வாரம் கழித்தலே வேண்டாம். 53 என்பது 5 கட்டு 3 உதிரி. ஒரு கட்டைப் பிரித்தால் 4 கட்டு 13 உதிரி. இரண்டும் அதே 53. இந்த ஒன்று வராத பிள்ளையை அடுத்த வாரத்துக்கு நகர்த்துவதில் பயனில்லை. இரண்டாம் வாரம் குச்சியோடு கழித்தல். மூன்றாவதும் நான்காவதும் படம்: பத்துக்கு ஒரு நெடுங்கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி, எடுத்ததை அடித்துக் காட்டுவது. கடைசி இரண்டு வாரம் வெறும் எண். குச்சிப்பெட்டி அலமாரியில் இருக்கும். தடுமாறுகிறவர் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

இதில் கெடும் இடங்கள் சில. 53 − 26க்குப் பிள்ளை 53 குச்சியையும் வைக்கும், 26 குச்சியையும் தனியே வைக்கும், அப்புறம் எதிலிருந்து எதை எடுப்பது என்று விழிக்கும். மேசையில் 53 மட்டுமே இருக்க வேண்டும். 26 என்பது எடுக்க வேண்டிய அளவு, அது தாளில் இருந்தால் போதும். சிலர் எல்லாக் கட்டையும் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணி 27 என்று சரியாகவே சொல்வார்கள். விடை சரி, பத்து என்ற அலகு மட்டும் மனதில் பதியவில்லை. 'ஒரே ஒரு கட்டைத்தான் பிரிக்கலாம்' என்று விதி வையுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கெடுவது குச்சிக்கும் நோட்டுக்கும் இடையே. குச்சியில் 27 எடுத்த பிள்ளை, குச்சியை வாங்கி வைத்ததும் நோட்டில் 33 என்று எழுதும். குச்சியில் செய்தது ஒரு வேலை, நோட்டில் எழுதுவது வேறொரு வேலை என்று அதன் மனதில் இரண்டும் தனித்தனியாகக் கிடக்கின்றன. பரிகாரம் எளியது, ஆனால் பிடிவாதம் வேண்டும். இருவரில் ஒருவர் குச்சியை நகர்த்த, மற்றவர் அந்த நொடியே எழுத வேண்டும். கட்டைப் பிரித்ததும் 5ஐ அடித்து 4 என்றும், 3ஐ அடித்து 13 என்றும் நோட்டில் வந்தாக வேண்டும். எழுதாமல் அடுத்த குச்சி நகரக் கூடாது. ஒவ்வொரு கணக்குக்கும் ஆள் மாறவேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு 'குச்சி முறை வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டிய சோதனைகள்தான் அதிகம் இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: பின்தேர்வு வினாத்தாளை நாங்களே தயாரிக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்? (வட்டார ஆசிரியர் பயிற்றுநர்)

முதலில், குச்சிப் படமோ கோடும் புள்ளியும் கொண்ட படமோ தாளில் வேண்டாம். அது ஒரு பிரிவுக்குப் பழகியது, மற்றதற்குப் புதிது. அந்தத் தாளில் புது முறை ஜெயிப்பது உறுதி, அதனால் அந்த வெற்றிக்கு மதிப்பும் இல்லை. இரு பிரிவுக்கும் நடத்திய பாடத்தை, இரு பிரிவுக்கும் பொதுவான எழுத்து வடிவில் கேளுங்கள்.

20 வினா என்றால் இப்படிப் பிரிக்கலாம். நேரடிக் கழித்தல் 8. வார்த்தைக் கணக்கு 4. போன வகுப்பு அளவில் எளிதானவை 4; இவை இல்லாவிட்டால் பின்தங்கிய பிள்ளைகள் எல்லாரும் பூஜ்யத்தில் குவிந்து, அவர்கள் முன்னேறினாலும் தெரியாது. யாருக்கும் நடத்தாத வகையில் 4. இவை இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாரும் 20இல் முட்டி நிற்பார்கள். நடத்தாததற்கு ஒரு நல்ல உதாரணம்: 8 + 4 = □ + 5. சமக்குறி என்றால் 'விடை இங்கே' என்று நினைக்கும் பிள்ளை 12 என்று எழுதும், கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டும் பிள்ளை 17 என்று எழுதும். 7 என்று எழுதுகிறவருக்கே இரு பக்கமும் சமம் என்பது புரிந்திருக்கிறது.

எண்களை எடுப்பதில்தான் வினாத்தாளின் தரம் இருக்கிறது. 52 − 27 என்று கேட்கிறீர்கள், பிள்ளை 35 என்று எழுதுகிறது. என்ன தவறு? 'பெரியதிலிருந்து சிறியதை எடு' என்று 7இல் 2ஐக் கழித்திருக்கலாம், அப்போதும் 35. முறைப்படி கடன் வாங்கி 12இல் 7ஐக் கழித்துவிட்டு, 5ஐ 4 ஆக்க மறந்திருக்கலாம், அப்போதும் 35. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே தெரியவில்லை, இரண்டாம் பிள்ளைக்கு ஒரு படிதான் விட்டுப்போனது. இரண்டு பேருக்கும் தரவேண்டிய மருந்து வேறு, உங்கள் வினா இருவரையும் ஒன்றாக்கிவிட்டது. ஒன்றாம் இட எண்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போதெல்லாம் இப்படி ஆகும். 53 − 26 என்று கேட்டால் முதல் தவறு 33 தரும், இரண்டாவது 37 தரும், கூட்டிவிட்டவர் 79 எழுதுவார், சரியான விடை 27.

நடுவில் பூஜ்யம் வரும் கணக்கு குறைந்தது இரண்டு வையுங்கள். 503 − 147 நல்ல வினா. சரியான விடை 356. 444 வந்தால் இடத்துக்கு இடம் பெரியதில் சிறியதைக் கழித்திருக்கிறது. 466 வந்தால் கடன் வாங்கியதை எங்கேயுமே குறைக்கவில்லை. 456 வந்தால் பூஜ்யத்தை 9 ஆக்கியது, நூறைக் குறைக்க மறந்தது. 266 வந்தால் ஒன்றாம் இடத்துக்கு வேண்டியதைப் பூஜ்யத்தைத் தாண்டி நூறிலிருந்து நேராக எடுத்து, பத்தாம் இடத்துக்காக நூறிலிருந்து மறுபடியும் எடுத்திருக்கிறது. சரி, தவறு என்று மட்டும் குறிக்காமல் பிள்ளை எழுதிய எண்ணையே பதிவுத்தாளில் ஏற்றுங்கள். இரு பிரிவின் சராசரியும் சமமாக இருந்து, ஒன்றில் 444 வகையும் மற்றதில் 456 வகையும் நிறைந்திருந்தால் அது சமம் இல்லை.

வார்த்தைக் கணக்கில் '43இல் 18ஐ எடுத்தால் மீதி எவ்வளவு' என்ற வகையை மட்டும் கேட்டால் 'மீதி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார்கள். 'ஒரு பெட்டியில் 43 பென்சில், இன்னொன்றில் 18. முதல் பெட்டியில் எத்தனை அதிகம்?' என்பதையும் சேருங்கள். 'அதிகம்' என்று கண்டதும் கூட்டுகிறவர்கள் வெளியே வருவார்கள்.

திருத்துகிறவருக்கு எந்தத் தாள் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. பெயரை மறைத்து எண் கொடுத்து, இரு பிரிவுத் தாள்களையும் கலந்து அடுக்குங்கள். பத்துத் தாளை இன்னொருவர் தனியாகத் திருத்திப் பார்க்கட்டும். மதிப்பெண் வேறுபட்டால் எழுதிய விடைக்குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

கேள்வி: முதல் வகுப்புக்கும் எழுத்துத் தேர்வா?

வேண்டாம். வினாவைப் படிக்கத் தெரியாததும் கணக்குத் தெரியாததும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து வாய்மொழியாகப் பத்துக் கேள்வி கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு 5 முதல் 7 நிமிடம் பிடிக்கும். கேள்விக்குப் பின் எத்தனை நொடி காத்திருப்பது, தொடர்ந்து மூன்று தவறினால் நிறுத்துவதா என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு ஆசிரியரே கேட்டால் புருவத்தாலேயே விடை சொல்லிவிடுவார். வேறொருவர் கேட்கட்டும்.

கேள்வி: புது முறைப் பிரிவின் சராசரி 13.1, பழைய பிரிவு 11.6. பிரிவுக்கு 30 பேர். இது உண்மையான வித்தியாசமா? (கணித ஆசிரியர்)

உங்கள் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 5 என்று வைத்துக்கொள்வோம்; 20 மதிப்பெண் தாளில் அது சாதாரணம். 1.5ஐ 5ஆல் வகுத்தால் 0.3. இது வெவ்வேறு தேர்வுகளை ஒப்பிட உதவும் அளவு; தொடக்கப் பள்ளிச் சோதனைகளில் 0.3 வந்தால் கணிசமானது என்றே சொல்வார்கள். ஆனால் அதை நம்பலாமா என்பது வேறு கேள்வி. முறையால் எந்த வித்தியாசமும் இல்லாத 30 பேர் கொண்ட இரு குழுக்களிலும் சராசரிகள் தற்செயலாக விலகி நிற்கும். அந்த விலகலின் திட்டப் பிழை, அதாவது தற்செயலாக எவ்வளவு விலகலாம் என்பதன் அளவு, 5 × √(2/30), சுமார் 1.29. அதன் இருமடங்கு, அதாவது 2.6 வரை தற்செயலாகவே வரக்கூடும். உங்கள் 1.5 அதற்குள் அடங்கிவிடுகிறது.

முன்தேர்வு வைத்திருந்தால் நிலைமை கொஞ்சம் தெளியும். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒட்டுறவு (இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு; முழுப் பொருத்தம் 1) 0.7 என்றால், முன்தேர்வால் விளக்க முடிகிற பகுதியைக் கழித்த பின் 5 என்ற திட்ட விலக்கம் 3.6 அளவுக்குச் சுருங்கும். திட்டப் பிழை 0.92 ஆகும். அப்போதும் 1.5 எல்லைக்குள்தான். முறை பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை, இந்த அளவுச் சோதனையால் சொல்ல முடியாது என்றுதான் பொருள். அதே சோதனையை அடுத்த ஆண்டும் செய்து, அதே திசையில் வருகிறதா என்று பாருங்கள்.

தேர்ச்சி விழுக்காட்டை வைத்து ஒப்பிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 10 எடுத்தால் தேர்ச்சி என்றால் 9இலிருந்து 10க்கு வந்தவர் கணக்கில் ஏறுவார், 2இலிருந்து 8க்கு வந்தவர் ஏறமாட்டார். எல்லைக்கோட்டில் நிற்கும் நாலு பேரை மட்டும் பயிற்றுவித்தே விழுக்காட்டை உயர்த்திவிடலாம்.

கேள்வி: 20 பள்ளிகளில் சோதிக்கத் திட்டம். பள்ளிக்கு 30 பேர், மொத்தம் 600 பிள்ளைகள். இது தாராளம் அல்லவா?

600 என்ற எண் ஏமாற்றும். நீங்கள் குலுக்குவது பள்ளிகளை, பிள்ளைகளை அல்ல. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படிப்பதால் அவர்கள் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒப்புமையின் அளவு 0.15 என்று கொண்டால், 1 + 29 × 0.15 = 5.35 (30 பேரில் ஒருவர் போக மற்றவர் 29). 600ஐ இதனால் வகுத்தால் 112. உங்கள் 600 பேரிடமிருந்து கிடைக்கும் தகவல், தனித்தனியே குலுக்கிய 112 பேரிடமிருந்து கிடைப்பதற்குச் சமம்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. பள்ளிக்கு 15 பேரை மட்டும் குலுக்கலில் எடுத்துச் சோதித்தால் 300 பேர்; 1 + 14 × 0.15 = 3.1, 300ஐ 3.1ஆல் வகுத்தால் 97. தேர்வு வேலை பாதியாகிறது, இழப்பு 15தான். மிச்சமான உழைப்பை வைத்து 40 பள்ளிகளுக்குப் போனால் அதே 600 பேரில் 194 பேருக்குச் சமமான தகவல் கிடைக்கும். பள்ளிகளைக் கூட்டுங்கள், பிள்ளைகளை அல்ல.

பிரிக்கும்போது முன்தேர்வுச் சராசரிப்படி பள்ளிகளை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டை ஒரு ஜோடியாக்கி, ஒவ்வொரு ஜோடிக்கும் நாணயம் சுண்டுங்கள். நடுவில் ஒரு பள்ளி முறையைக் கைவிட்டால் அதை எடுத்தெறியக் கூடாது. அங்கேயும் பின்தேர்வு வைத்து, குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே கணக்கிடுங்கள். முடியாமல் விலகுவதும் முறையின் குணங்களில் ஒன்று. பெரிய அளவில் குலுக்கிப் பார்த்ததற்கு உதாரணம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985இல் தொடங்கிய சோதனை: 79 பள்ளிகள், சுமார் 11,600 பிள்ளைகள், நான்கு ஆண்டுகள். அங்கே சோதித்தது கற்பிக்கும் முறையை அல்ல, வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதை. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கிப் பிரித்ததால் அதன் முடிவுகளை இன்றும் எடுத்துப் பேச முடிகிறது.

கேள்வி: பிள்ளைகள் குச்சி என்றாலே துள்ளிக் குதிக்கிறார்கள். இதைவிட என்ன சான்று வேண்டும்?

துள்ளுவதற்குச் சான்று அது. கழித்தலுக்குச் சான்று பின்தேர்வு. முதல் இரண்டு வாரத்து உற்சாகம் எந்தப் புதுப் பொருளுக்கும் வரும்; ஐந்தாம் வாரத்தில் எப்படி இருக்கிறது என்று குறித்துவையுங்கள்.

கேள்வி: பின்தேர்வை எப்போது வைப்பது?

இரண்டு முறை. பாடம் முடிந்த வாரத்தில் ஒன்று, அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்தாமல் 8 முதல் 12 வாரம் கழித்து மற்றொன்று. எண்கள் மட்டும் மாறிய இணைத்தாள் இரண்டாவதற்குப் போதும். ஒவ்வொரு தவறுக்கும் தனி விடை வரும்படி அந்த எண்களையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உடனடித் தேர்வில் மட்டும் முந்துகிற முறைகள் நிறைய உண்டு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் மும்பையிலும் வடோதராவிலும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனிப்பயிற்சி, பள்ளியின் எல்லாப் பிள்ளைகளின் சராசரி மதிப்பெண்ணை 0.28 திட்ட விலக்கம் உயர்த்தியது. கணினி வழிக் கணக்குப் பயிற்சி கணக்கு மதிப்பெண்ணை 0.47 உயர்த்தியது. திட்டங்கள் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பயன் 0.10 அளவுக்கு இறங்கியிருந்தது. பூஜ்யம் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

கேள்வி: என் மகள் படிக்கும் வகுப்பில் சோதனை நடக்கிறதாம். பிள்ளைகளை வைத்துச் சோதிப்பது சரியா? (ஒரு தாய்)

கவலைப்படுவது நியாயம்தான் அம்மா. நீங்கள் பள்ளியிடம் மூன்று கேள்வி கேட்கலாம். பாடத்திட்டத்தில் உள்ளது எதுவும் விடுபடுகிறதா? கற்பிக்கும் வழி மாறலாம், கற்க வேண்டியது குறையக் கூடாது. எப்போது நிறுத்துவார்கள்? மூன்றாம் வாரத்தில் ஐந்து வினாவில் ஒரு சிறு தேர்வு வைத்து, புது முறைப் பிரிவு தெளிவாகப் பின்தங்கினால் பழைய முறைக்குத் திரும்புவது என்று தொடங்கும் முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். சோதனை முடிந்ததும் மற்றப் பிரிவுக்கு என்ன கிடைக்கும்? முறை நன்றாக இருந்தால் அவர்களுக்கும் அதே பருவத்தில் தரவேண்டும். மகளின் மதிப்பெண் பெயரோடு வெளியே போகாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் விடை வந்தால், யாரையும் கேட்காமல் எல்லா வகுப்பிலும் ஒரே நாளில் ஒரு புது முறையைக் கொண்டுவருவதைவிட இதில் ஆபத்து குறைவு. வீட்டில் அவளுக்குப் பழைய முறையைச் சொல்லிக்கொடுத்துக் குழப்பாமல், எப்படிச் செய்தாய் என்று அவளையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: ஆறு வாரம் பாடுபட்டும் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. கைவிட்டுவிடலாமா? (மூன்றாம் வகுப்பு ஆசிரியர்)

முதலில் தினசரி வரிகளை எடுத்துப் பாருங்கள். 'எண் மட்டும்' என்ற கட்டம் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் நீங்கள் சோதித்தது புது முறையே அல்ல. பழைய முறை ஆசிரியரின் வரிகளில் குச்சி தென்பட்டாலும் அப்படித்தான். அடுத்து மதிப்பெண் பரவலைப் பாருங்கள். இரு பிரிவிலும் பாதிப் பேர் 18க்கு மேல் என்றால் தாள் எளிது, வித்தியாசம் இருந்தாலும் காட்டியிருக்காது. இரண்டும் இல்லை என்றால் வினா வாரியாகப் பிரியுங்கள்: நேரடிக் கழித்தலில் சமமாக இருந்து, நடுப் பூஜ்யக் கணக்கிலோ □ வினாவிலோ விலகல் இருக்கலாம். எட்டு வாரம் கழித்து வைக்கும் இரண்டாம் தேர்விலும் வினாவுக்கு வினா சமம் என்றால் குச்சிகளைக் கட்டி வைத்துவிடலாம்; இரண்டில் செலவும் நேரமும் குறைந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத்தாள்களை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு வேறு எதையாவது சோதிக்கும்போது திட்ட விலக்கம் எவ்வளவு, ஒட்டுறவு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டியிருக்காது.